குக்கி நிற்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பிடிப்பது எப்படி

லாகின் செய்தால் மறுபடியும் லாகின் பக்கமே வருகிறது. லாக்அவுட் அழுத்தினால் ஆள் வெளியே போக மாட்டேன் என்கிறார். உங்கள் மெஷினில் ஓடுகிறது, சர்வரில் ஏற்றினால் ஓடவில்லை. இந்த மாதிரிப் புகார் வந்ததும் பெரும்பாலானோர் குக்கி (பிரவுசரில் வைத்துக்கொள்ளச் சொல்லி சர்வர் கொடுக்கும் சின்னக் குறிப்பு) எழுதும் வரியைத் திறந்து டொமைனை மாற்றி, செக்யூரை (எச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டும் போ என்னும் பண்பு) எடுத்துவிட்டு, சேம்சைட்டை (வேறு தளத்திலிருந்து வரும் ரிக்வெஸ்ட்டோடு போகலாமா என்னும் பண்பு) போட்டு, ஒவ்வொரு தடவையும் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்து பார்ப்பார்கள். ஏற்கெனவே எழுதிய நாலு பழைய குக்கிகள் பிரவுசரில் கிடக்கும்போது இப்படிச் சோதித்தால், எந்த மாற்றம் எதைச் சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. சில சமயம் தானாகச் சரியான மாதிரி இருக்கும், ரெண்டு வாரம் கழித்து வேறு ஒருவரிடமிருந்து அதே புகார் வரும்.

அதனால் கோடை, அதாவது நிரலை, தொடாதீர்கள். முதலில் குக்கி எந்த இடத்தில் தொலைகிறது என்று பாருங்கள்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் ஐந்து நிமிடம்

குக்கி தொலைய நாலே இடங்கள்தான் உண்டு. சர்வர் அனுப்பவில்லை, பிரவுசர் வாங்கி வைக்கவில்லை, வாங்கி வைத்ததைத் திருப்பி அனுப்பவில்லை, திருப்பி அனுப்பியதை உங்கள் கோடு படிக்கவில்லை. கீழே இருக்கிற தலைப்புகள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் போகும்.

திறந்திருக்கும் பிரைவேட் விண்டோக்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறங்கள். எல்லாவற்றையும் மூடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒரே பிரவுசரில் திறந்திருக்கும் பிரைவேட் விண்டோக்கள் பொதுவாகத் தங்களுக்குள் குக்கிகளைப் பகிர்ந்துகொள்ளும், ஒன்றை மட்டும் மூடினால் பழையது போகாது. அப்புறம் டெவ்டூல்ஸில் (பிரவுசரிலேயே இருக்கும் நிரலாளர் கருவிகள்) நெட்வொர்க் டேப், அதில் பிரிசர்வ் லாக் டிக். லாகின் முடிந்ததும் ரீடைரக்ட் ஆகும் தளங்களில் இந்த டிக் இல்லாவிட்டால் உங்களுக்கு வேண்டிய வரியே அழிந்துபோகும்.

இப்போது லாகின் செய்யுங்கள். பட்டியலில் கடைசியாக வந்த பக்கத்தைப் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் 302 (வேறு பக்கத்துக்குப் போ என்னும் ரீடைரக்ட்) என்று ஒன்று இருக்கும், அதைத் திறங்கள். ரெஸ்பான்ஸ் ஹெடர்களில் (பக்கத்துக்கு முன்னால் சர்வர் அனுப்பும் குறிப்பு வரிகள்) செட்-குக்கி, அதாவது குக்கியை வை என்று சொல்லும் வரி, இருக்கிறதா? இல்லையென்றால் முதல் அறிகுறிக்குப் போங்கள். இருக்கிறது, ஆனால் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், அல்லது அப்ளிகேஷன் டேபில் குக்கி இல்லை என்றால் இரண்டாவது. முக்கோணம் இல்லை, அப்ளிகேஷன் டேபில் குக்கி உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அடுத்த ரிக்வெஸ்ட்டின் குக்கி ஹெடரில் அது இல்லை என்றால் மூன்றாவது. எல்லாம் சரியாக இருந்தும் கோடு மட்டும் காலி என்கிறதென்றால் நான்காவது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பிரவுசர் திருப்பி அனுப்புவது பெயரும் மதிப்பும் மட்டும்தான். பாத், டொமைன், காலாவதி எதுவும் திரும்பி வராது. ஆகவே "வந்த குக்கி எப்போது காலாவதியாகும்" என்று சர்வர் கோடில் தேடிப் பிரயோஜனமில்லை.

## அறிகுறி 1: செட்-குக்கி ஹெடரே வரவில்லை

முதல் சந்தேகம், அந்த வரி ஓடவே இல்லை. மேலே ஒரு லாக் வரி போட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் அதற்கு முந்தைய இஃப் ஒன்றில் ரிட்டர்ன் ஆகிப்போவது சகஜம்.

வரி ஓடுகிறது, ஆனால் வேறு ரெஸ்பான்ஸின் மேல் ஓடுகிறது. பைதானின் ஜாங்கோவிலும் ஃபிளாஸ்க்கிலும் இதுதான் அதிகம் பார்க்கிற தவறு: ஒரு ரெஸ்பான்ஸ் பொருளை உருவாக்கி, அதில் குக்கியை வைத்துவிட்டு, கடைசி வரியில் புதிதாக ஒரு ரீடைரக்டை ரிட்டர்ன் செய்வது. குக்கி வைத்த ரெஸ்பான்ஸ் யாருக்கும் போகாமல் குப்பைக்குப் போய்விடும். ரீடைரக்டை ஒரு மாறியில் பிடித்து, அதன் மேல் குக்கியை வைத்து, அதையே ரிட்டர்ன் செய்யுங்கள். 302 ரெஸ்பான்ஸில் குக்கி வைக்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். தாராளமாக வைக்கலாம்.

பிஎச்பியில் "ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்" எச்சரிக்கை. குக்கி ஹெடரில் போவது, பக்கத்தின் ஒரு எழுத்து வெளியே போய்விட்டால் ஹெடர் கதவு மூடிவிட்டது. அந்த எச்சரிக்கையை முழுதாகப் படியுங்கள், வெளியீடு எந்தக் கோப்பில் எந்த வரியில் ஆரம்பித்தது என்று அதிலேயே இருக்கும். அங்கே போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, இன்க்ளூட் செய்த கோப்பின் கடைசியில் பிஎச்பி மூடும் குறிக்கு அப்புறம் ஒரு காலி வரி. அந்த மூடும் குறியையே எடுத்துவிடுங்கள், பிஎச்பி மட்டும் இருக்கும் கோப்பில் அது தேவையில்லை. இன்னொன்று, எச்சரிக்கை கோப்பின் முதல் வரியையே காட்டினால், கோப்பு பிஓஎம் என்ற மூன்று பைட்டுகளோடு சேமிக்கப்பட்டிருக்கும். எடிட்டரில் அது கண்ணுக்குத் தெரியாது. யுடிஎஃப்-8, பிஓஎம் இல்லாமல் என்று சேமித்தால் தீர்ந்தது.

உங்கள் மெஷினில் இந்தப் பிரச்சினை வராமல் சர்வரில் மட்டும் வந்தால் அவுட்புட் பஃபரிங் அமைப்பை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் 4096 என்றும் இன்னொரு பக்கம் அணைத்தும் இருக்கும். பஃபர் இருக்கும் இடத்தில் தவறு மறைந்துகொள்ளும், அவ்வளவுதான். சர்வரிலும் பஃபரைப் போட்டு மறைப்பதைவிட, குக்கி எழுதும் வரியை மேலே நகர்த்துவதுதான் என் கட்சி.

இரண்டு குக்கிகள் வைத்தீர்கள், ஒன்றுதான் வருகிறதா? நோடில் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் மென்பொருள்) செட்ஹெடரை இரண்டு தடவை கூப்பிட்டால் இரண்டாவது முதலாவதை அழித்துவிடும், இரண்டையும் ஒரே அரேயாகக் கொடுக்க வேண்டும். பிஎச்பியில் ஹெடர் ஃபங்ஷனும் இயல்பாகவே முந்தையதை மாற்றிவிடும், இரண்டாவது ஆர்க்யுமென்டில் ஃபால்ஸ் கொடுத்தால்தான் சேர்க்கும். இரண்டையும் ஒரே ஹெடரில் காற்புள்ளி போட்டு ஒட்டும் குறுக்குவழி வேண்டாம், காலாவதித் தேதிக்குள்ளேயே காற்புள்ளி வரும், பிரித்துப் படிக்க முடியாது.

அடுத்தது நோடில் ஓடும் எக்ஸ்பிரஸின் செஷன் (லாகின் செய்தவரைப் பற்றி சர்வர் வைத்திருக்கும் பதிவு). குக்கிக்கு செக்யூர் என்று போட்டிருப்பீர்கள், தளமும் எச்டிடிபிஎஸ்தான், ஆனால் எச்டிடிபிஎஸ் முன்னால் நிற்கும் ப்ராக்சியோடு (ரிக்வெஸ்ட்டை வாங்கி ஆப்புக்குக் கடத்தும் சர்வர்) முடிந்துவிடுகிறது, உங்கள் ஆப்புக்கு வருவது வெறும் எச்டிடிபி. "இது பாதுகாப்பான இணைப்பு இல்லையே" என்று செஷன் மிடில்வேர் குக்கியை அனுப்பாமலே இருந்துவிடும், பிழைச்செய்தியும் காட்டாது. ட்ரஸ்ட் ப்ராக்சி அமைப்பைப் போடுங்கள், ப்ராக்சி எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரை அனுப்புகிறதா என்றும் பாருங்கள். செக்யூரை எடுத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று போகிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்யாதீர்கள்.

இவ்வளவும் பார்த்தாயிற்று என்றால், சர்வருக்குள் லாகின் செய்து ஆப் ஓடும் போர்ட்டை நேரடியாக கர்ல் (கமாண்ட் லைனிலிருந்து ஒரு முகவரியைக் கேட்கும் கருவி) மூலம் கேளுங்கள், அப்புறம் அதே கேள்வியை வெளியிலிருந்து தளத்தின் முகவரிக்குக் கேளுங்கள். உள்ளே செட்-குக்கி இருக்கிறது, வெளியே இல்லை என்றால் நடுவில் யாரோ உரித்து எடுக்கிறார்கள். ப்ராக்சியாக நிற்கும் என்ஜின்எக்ஸில் செட்-குக்கியை மறைக்கும் வரி, இல்லையென்றால் சிடிஎன் (பக்கங்களின் நகலை வைத்துக் கொடுக்கும் இடைச் சர்வர்கள்) விதி. அந்தப் பெட்டியின் அமைப்பு உங்கள் கையில் இல்லையென்றால் இனி நீங்கள் தேட வேண்டாம், இரண்டு கர்ல் வெளியீடுகளையும் அப்படியே ஒட்டி இன்ஃப்ரா ஆட்களிடம் அனுப்பிவிடுங்கள். "குக்கி வரவில்லை" என்று மட்டும் எழுதினால் அவர்கள் உங்கள் கோடைத்தான் பார்க்கச் சொல்வார்கள்.

## அறிகுறி 2: ஹெடர் வருகிறது, பிரவுசர் வாங்கி வைக்கவில்லை

மஞ்சள் முக்கோணத்தின் மேல் மவுஸை வையுங்கள். குரோம் காரணத்தைச் சொல்லிவிடும். அதைப் படித்தால் பாதிப் பேருக்கு இந்தத் தலைப்பே தேவைப்படாது. ஃபயர்ஃபாக்ஸில் கன்சோலில் எழுதும்.

காலாவதி. முக்கோணம் இல்லாமலே குக்கி மறைந்தால் முதலில் இதைப் பாருங்கள். பிஎச்பியின் செட்குக்கியில் மூன்றாவது இடத்தில் வெறும் 3600 கொடுத்தால் "ஒரு மணி நேரம்" என்று அர்த்தமில்லை, 1970 ஜனவரி 1-ஆம் தேதி விடிகாலை ஒரு மணி என்று அர்த்தம். பிரவுசர் பழைய தேதியைப் பார்த்ததும் குக்கியை அழித்துவிடும். இப்போதைய நேரத்தோடு கூட்டிக் கொடுக்க வேண்டும். எக்ஸ்பிரஸில் வேறு கதை: ஹெடரில் போகும் மேக்ஸ்-ஏஜ் விநாடிக் கணக்கு, ஆனால் எக்ஸ்பிரஸ் கேட்கும் மேக்ஸ்ஏஜ் மில்லிவிநாடிக் கணக்கு. அங்கே 3600 போட்டால் குக்கி மூன்றரை விநாடிதான் உயிரோடு இருக்கும். லாகின் ஆன மாதிரி தெரியும், அடுத்த கிளிக்கில் வெளியே தள்ளும்.

எச்டிடிபி பக்கத்திலிருந்து செக்யூர் குக்கி வைக்க முடியாது. லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் விட்டுக்கொடுக்கும், அதனால்தான் உங்கள் மெஷினில் ஓடி, டெஸ்ட் சர்வரில் ஐபி முகவரி போட்டுத் திறக்கும்போது படுத்துவிடுகிறது. அதேபோல சேம்சைட்டை நன் (None, எந்தத் தளத்திலிருந்தும் போகலாம்) என்று வைத்து செக்யூரை விட்டுவிட்டாலும் குரோம் நிராகரிக்கும்.

டொமைன். எந்த முகவரியிலிருந்து ரெஸ்பான்ஸ் வருகிறதோ அதற்கோ அதன் மேல் டொமைனுக்கோதான் குக்கி வைக்கலாம். ஏபிஐ.எக்ஸாம்பிள்.காம், எக்ஸாம்பிள்.காமுக்கு வைக்கலாம், ஆப்.எக்ஸாம்பிள்.காமுக்கு வைக்க முடியாது. ரொம்ப மேலேயும் போக முடியாது: பலர் பங்குபோட்டுக்கொள்ளும் பொதுப் பின்னொட்டு என்றால் பிரவுசர் மறுத்துவிடும். கோ.இன் ஒரு உதாரணம், கிட்ஹப்.ஐஓ இன்னொன்று. டொமைனுக்கு முன்னால் புள்ளி வைக்கலாமா வேண்டாமா என்று சண்டை போடத் தேவையில்லை, 2011-இல் வந்த குக்கித் தரநிலையான ஆர்எஃப்சி 6265 அந்தப் புள்ளியைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சப்டொமைன்களுக்கு இடையே பகிரத் தேவையில்லையென்றால் டொமைனை எழுதவே எழுதாதீர்கள். அது பாதுகாப்பும்கூட, லோக்கல்ஹோஸ்ட்டிலும் தொல்லை தராது.

பெயர் __ஹோஸ்ட்- என்று ஆரம்பித்தால் செக்யூர் இருக்க வேண்டும், பாத் வெறும் சாய்கோடாக இருக்க வேண்டும், டொமைன் இருக்கக் கூடாது. ஒன்று தப்பினாலும் குக்கி இல்லை.

அளவு. பெயரும் மதிப்பும் சேர்ந்து 4096 பைட்டைத் தாண்டினால் நவீன பிரவுசர்கள் வாங்காது. ஜேடபிள்யூடி டோக்கனுக்குள் (பயனர் விவரத்தைக் கையொப்பத்தோடு சுமக்கும் சரம்) பயனரின் எல்லா அனுமதிகளையும் திணித்திருந்தால், சாதாரணப் பயனருக்கு லாகின் ஆகும், அட்மினுக்கு மட்டும் ஆகாது. அந்த வித்தியாசத்தைக் கேட்டதுமே அளவைச் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, லாகின் ஃபெட்ச் (ஜாவாஸ்கிரிப்டிலிருந்து ரிக்வெஸ்ட் அனுப்பும் ஃபங்ஷன்) வழியாக வேறு ஆரிஜினுக்கு, அதாவது வேறு டொமைனுக்கோ போர்ட்டுக்கோ, போகிறதா? ஃபெட்ச்சில் கிரெடென்ஷியல்ஸ் இன்க்ளூட் என்று கொடுக்காவிட்டால் பிரவுசர் குக்கியை அனுப்பாததோடு, ரெஸ்பான்ஸில் வரும் குக்கியையும் வைத்துக்கொள்ளாது. சர்வர் பக்கம் ஆக்சஸ்-கண்ட்ரோல்-அலவ்-கிரெடென்ஷியல்ஸ் ட்ரூ என்று வர வேண்டும், அலவ்-ஆரிஜினில் நட்சத்திரக் குறி இருக்கக் கூடாது, உண்மையான ஆரிஜினை எழுத வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும், இரண்டும் முற்றிலும் வேறு வேறு தளங்கள் என்றால் சஃபாரி மூன்றாம் தரப்புக் குக்கிகளை 2020-இலிருந்தே மொத்தமாகத் தடுக்கிறது. அங்கே எந்தப் பண்பை மாற்றியும் பலனில்லை. ஏபிஐயை உங்கள் டொமைனின் கீழ் ஒரு சப்டொமைனுக்குக் கொண்டுவருவதுதான் வழி. அது செலவு, ஆனால் ஒரே தடவைச் செலவு.

## அறிகுறி 3: குக்கி இருக்கிறது, திரும்பி வரவில்லை

நெட்வொர்க் டேபில் அந்த ரிக்வெஸ்ட்டின் குக்கீஸ் பகுதியில், வடிகட்டப்பட்ட குக்கிகளையும் காட்டு என்று ஒரு டிக் இருக்கும். போடுங்கள். எந்தக் குக்கி ஏன் அனுப்பப்படவில்லை என்று அதிலேயே தெரியும்.

### சில பக்கங்களில் மட்டும் வரவில்லை

பாத். நீங்கள் எழுதாவிட்டால் பிரவுசர் தானாக ஒன்றைப் போட்டுக்கொள்ளும்: எந்த முகவரியில் குக்கி வந்ததோ அதன் கடைசிச் சாய்கோடு வரை. /அக்கவுண்ட்/லாகின் பக்கத்தில் வைத்த குக்கி /அக்கவுண்ட்-க்குக் கீழே மட்டும்தான் போகும், /கார்ட் பக்கத்துக்குப் போகாது. பிஎச்பியின் செட்குக்கியில் பாத் கொடுக்காதவர்கள் எல்லாரும் ஒருநாள் இங்கே வருவார்கள். வேறு காரணம் இல்லாதவரை பாத்துக்குச் சாய்கோடு மட்டும் கொடுங்கள்.

டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள முகவரியில் லாகின், அது இல்லாத முகவரிக்கு ரீடைரக்ட் என்றால் அதுவும் இதே அறிகுறிதான் காட்டும். எல்லாரையும் ஒரே முகவரிக்கு முதலிலேயே திருப்பிவிடுங்கள்.

### மெயிலில் வந்த லிங்க்கை அழுத்தினால் லாகின் இல்லை, ரிஃப்ரெஷ் செய்தால் இருக்கிறது

சேம்சைட் ஸ்ட்ரிக்ட், வேறு இடத்திலிருந்து லிங்க் அழுத்தி வந்தால் குக்கி வராது. செஷன் குக்கிக்கு லாக்ஸ் போதும், அது லிங்க் அழுத்தி வருபவரோடு குக்கியை விடும்.

### பணம் கட்டித் திரும்பி வந்தால் லாகின் போய்விடுகிறது

இது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம், ஏனென்றால் சோதிக்கும்போது ஓடும், வாடிக்கையாளரிடம் ஓடாது.

பேமெண்ட் தளம் வேலையை முடித்துவிட்டு வாடிக்கையாளரை உங்கள் ரிட்டர்ன் முகவரிக்கு ஒரு போஸ்ட் ஃபார்ம் மூலம் திருப்பி அனுப்புகிறது. வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட், ஆகவே லாக்ஸ் குக்கி அதோடு வராது. நீங்கள் சேம்சைட்டே எழுதவில்லை என்றாலும் குரோம் 2020-இலிருந்து, 80-ஆம் பதிப்பு முதல், அதை லாக்ஸாகத்தான் நடத்துகிறது. ஆனால் அங்கே ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள்: சேம்சைட் எழுதாத குக்கி வைக்கப்பட்டு இரண்டு நிமிடத்துக்குள் என்றால் போஸ்ட்டோடும் போகும். நீங்கள் லாகின் செய்து, டெஸ்ட் கார்டு போட்டு, ஒரு நிமிடத்தில் திரும்பி வந்துவிடுவீர்கள். வாடிக்கையாளர் ஓடிபிக்குக் காத்திருந்து, கார்டைத் தேடி, ஐந்து நிமிடம் கழித்து வருவார்.

குக்கி வராததோடு போனால் பரவாயில்லை. ரிட்டர்ன் பக்கத்தில் உங்கள் கோடு வழக்கம்போல செஷனை ஆரம்பிக்கிறது, குக்கி இல்லாததால் புதிய செஷன் ஒன்றைத் திறந்து, அதன் அடையாளத்தை அதே பெயரில் செட்-குக்கியாக அனுப்புகிறது. பிரவுசர் பழையதை அழித்துப் புதியதை வைத்துக்கொள்கிறது. வாடிக்கையாளரின் லாகின், கார்ட் எல்லாம் இருந்த செஷன் சர்வரில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதற்கான சாவி போயே போய்விட்டது. அதனால்தான் ரிஃப்ரெஷ் செய்தும் திரும்ப வருவதில்லை.

சரிசெய்வது இப்படி: ரிட்டர்ன் முகவரியில் செஷனைத் திறக்கவே திறக்காதீர்கள். ஆர்டர் எண்ணையும் பேமெண்ட் தளம் அனுப்பும் கையொப்பத்தையும் வைத்துச் சரிபார்த்து, டேட்டாபேஸில் எழுதிவிட்டு, 303 கொடுத்து உங்கள் நன்றிப் பக்கத்துக்குத் திருப்புங்கள். அது கெட் ரிக்வெஸ்ட், ஆகவே லாக்ஸ் குக்கி அதோடு வரும், பழைய செஷன் அப்படியே கிடைக்கும். செஷன் குக்கியையே சேம்சைட் நன் ஆக்கிவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். ஓடும், ஆனால் மற்ற தளங்களிலிருந்து வரும் போலி ஃபார்ம்களுக்கும் கதவைத் திறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு பக்கத்துக்காக வீடு முழுக்கப் பூட்டைக் கழற்றுவானேன்.

## அறிகுறி 4: ரிக்வெஸ்ட்டில் வருகிறது, கோடு காலி என்கிறது

வைத்த அதே பக்கத்திலேயே படிக்கிறீர்களா? பிஎச்பியின் குக்கி அரே அந்த ரிக்வெஸ்ட்டோடு வந்ததை மட்டுமே காட்டும். இப்போதுதான் அனுப்பிய குக்கி அடுத்த ரிக்வெஸ்ட்டில்தான் தெரியும். "முதல் தடவை வரவில்லை, ரிஃப்ரெஷ் செய்தால் வருகிறது" என்றால் இது பிழையே இல்லை, மதிப்பை ஒரு மாறியில் வைத்துப் பயன்படுத்துங்கள்.

பெயரில் புள்ளி இருக்கிறதா? பிஎச்பி புள்ளியையும் இடைவெளியையும் அடிக்கோடாக மாற்றிவிடும், யூசர்.ஐடி என்று தேடினால் கிடைக்காது.

ஜாவாஸ்கிரிப்டில் படிக்கப் பார்த்து வரவில்லை என்றால் அது எச்டிடிபி ஒன்லி, அதாவது ஜாவாஸ்கிரிப்ட் தொட முடியாத, குக்கி. செஷன் குக்கி அப்படித்தான் இருக்க வேண்டும், அதை எடுக்காதீர்கள். பயனர் பெயரைக் காட்ட வேண்டுமென்றால் சர்வரிடம் கேட்டு வாங்குங்கள்.

மதிப்பு வருகிறது, ஆனால் உடைந்து வருகிறது என்றால் எழுத்துகள் பிரச்சினை. இடைவெளி, காற்புள்ளி, அரைப்புள்ளி எதுவும் குக்கி மதிப்பில் நேரடியாக இருக்கக் கூடாது. அரைப்புள்ளி வந்தால் அதோடு மதிப்பு வெட்டுப்படும். தமிழ் எழுத்துகளையும் அப்படியே வைக்காதீர்கள், பர்சென்ட் என்கோடிங் செய்து வையுங்கள், ஒரு தமிழ் எழுத்துக்குறி யுடிஎஃப்-8-இல் மூன்று பைட், என்கோட் செய்தால் ஒன்பது எழுத்து ஆகும் என்பதையும் அளவுக் கணக்கில் சேருங்கள். ஒரு மொழியில் எழுதி இன்னொன்றில் படிப்பவர்கள் பேஸ்64-இன் கூட்டல் குறியைக் கவனியுங்கள், சில நூலகங்கள் அதை இடைவெளியாக்கிவிடும், கையொப்பச் சரிபார்ப்பு தோற்றுவிடும்.

## அறிகுறி 5: அழித்தாலும் போகவில்லை, பழைய மதிப்பே திரும்பி வருகிறது

குக்கியை அழிக்க என்று தனியாக ஒரு கட்டளை கிடையாது. அதே பெயர், அதே டொமைன், அதே பாத்தோடு காலாவதியான ஒரு குக்கியை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். மூன்றில் ஒன்று வேறானால் நீங்கள் அழிப்பது இல்லாத இன்னொரு குக்கியை. எக்ஸ்பிரஸின் கிளியர்குக்கி ஆகட்டும், ஜாங்கோவின் டெலிட்குக்கி ஆகட்டும், வைக்கும்போது கொடுத்த டொமைனையும் பாத்தையும் மறுபடி கொடுக்க வேண்டும். இன்னொன்று, செக்யூர் குக்கியை எச்டிடிபி பக்கத்திலிருந்து அழிக்கவும் முடியாது.

பழைய மதிப்பு விட்டுவிட்டு வருகிறதென்றால் அப்ளிகேஷன் டேபில் அதே பெயரில் இரண்டு வரிகள் இருக்கிறதா என்று பாருங்கள். டொமைன் எழுதி வைத்ததும் எழுதாமல் வைத்ததும் இரண்டு தனித்தனிக் குக்கிகள். பிரவுசர் இரண்டையும் அனுப்பும், நீளமான பாத் உள்ளது முன்னால், பாத் நீளம் ஒன்றென்றால் முதலில் உருவானது முன்னால். முதலாவதை எடுப்பதா கடைசியை எடுப்பதா என்பது நூலகத்துக்கு நூலகம் மாறும், பிஎச்பி முதலாவதை எடுக்கும், அதாவது பழையதை. எல்லாப் பயனர்களின் பிரவுசரிலும் போய் அழிக்க முடியாது. என் யோசனை: குக்கியின் பெயரை மாற்றிவிடுங்கள். எல்லாரும் ஒரு தடவை மறுபடி லாகின் செய்வார்கள், பிரச்சினை அன்றோடு முடியும்.

லாக்அவுட் ஆனபின் பேக் பட்டனை அழுத்தினால் பழைய பக்கம் தெரிகிறது என்பது குக்கி விவகாரமே இல்லை. அந்தப் பக்கங்களுக்கு கேச்-கண்ட்ரோலில் நோ-ஸ்டோர் கொடுங்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் வேலை நடக்கிறதென்றால், நீங்கள் குக்கியை மட்டும் அழித்துவிட்டு, அல்லது அழிக்கப் பார்த்துவிட்டு, சர்வரில் செஷனை உயிரோடு விட்டிருக்கிறீர்கள். அங்கே அழிப்பதுதான் முக்கியம்.

## அறிகுறி 6: கொஞ்ச நேரத்தில் தானாக வெளியே தள்ளுகிறது

எவ்வளவு நேரத்தில் என்று கேளுங்கள். பதிலிலேயே காரணம் இருக்கும்.

சுமார் 24 நிமிடம் சும்மா இருந்தால் போகிறதென்றால் பிஎச்பியின் செஷன் ஆயுள், இயல்பு மதிப்பு 1440 விநாடி. குக்கி பிரவுசரில் இருக்கும், சர்வரில் கோப்பு போயிருக்கும். நீங்கள் ஏற்கெனவே கூட்டிவைத்தும் போகிறதா? அதே சர்வரில் வேறு தளங்களும் செஷன் கோப்புகளை அதே ஃபோல்டரில் வைத்தால், எதன் ஆயுள் குறைவோ அதுதான் எல்லாருக்கும். உங்களுக்கென்று தனி ஃபோல்டர் கொடுங்கள்.

பிரவுசரை மூடினால் போகிறதென்றால் காலாவதியே எழுதாத குக்கி. டெப்லாய் செய்யும்போதெல்லாம் எல்லாரும் வெளியே போகிறார்களென்றால் ரகசியச் சாவி ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் புதிதாக உருவாகிறது. ஃபிளாஸ்க் பாடங்களைப் பார்த்து சாவியை ரேண்டமாக உருவாக்கும் வரியை அப்படியே விட்டவர்களுக்கு இது வரும். பல வொர்க்கர்கள் ஓடினால் இன்னும் மோசம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி, ஒரு கிளிக்கில் உள்ளே, அடுத்த கிளிக்கில் வெளியே. இதே மாதிரி உள்ளே வெளியே ஆட்டம் பல சர்வர்களுக்கு நடுவில் நடந்தால், செஷன் ஒரு சர்வரின் டிஸ்க்கில் மட்டும் இருக்கிறது. ரெடிஸ் (எல்லா சர்வர்களும் பகிரும் வேகமான சேமிப்பு) அல்லது டேட்டாபேஸுக்கு மாற்ற வேண்டும். லோட் பேலன்சர் (ரிக்வெஸ்ட்டுகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) அமைப்பு தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் தனியாக முயல வேண்டாம்.

உங்கள் சொந்த மெஷினில் மட்டும் ஆட்டம் என்றால் குக்கிக்குப் போர்ட் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். லோக்கல்ஹோஸ்ட் 3000-இல் ஒரு திட்டம், 8000-இல் இன்னொன்று, இரண்டும் ஒரே செஷன் பெயரை வைத்திருந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டே இருக்கும்.

ஐஃபோன்காரர்களுக்கு மட்டும் ஒரு வாரத்தில் போனால், அந்தக் குக்கியை ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறது. சஃபாரி அவற்றுக்கு ஏழு நாள்தான் கொடுக்கும். சர்வரிலிருந்து எழுதுங்கள். "பத்து வருடம் இருக்கட்டும்" என்று எழுதினாலும் குரோம் 400 நாளோடு வெட்டிவிடும், அதைத் தாண்ட வழியில்லை.

## அறிகுறி 7: சிலருக்கு மட்டும் 400 அல்லது 431 பிழை, பிரைவேட் விண்டோவில் சரியாகிறது

குக்கிகள் சேர்ந்து சேர்ந்து ஹெடர் பெருத்துவிட்டது. என்ஜின்எக்ஸ் இயல்பாக ஒரு ஹெடர் வரிக்கு 8 கேபி வரை அனுமதிக்கும், அப்பாச்சி 8190 பைட், இப்போதைய நோட் எல்லா ஹெடருக்கும் சேர்த்து 16 கேபி. பயனரிடம் குக்கிகளை அழிக்கச் சொன்னால் அப்போதைக்கு முடியும். வரம்பைக் கூட்டுவது அடுத்தது. ஆனால் தேடல் வடிகட்டிகள், பார்த்த பொருட்கள் என்று குக்கியில் எழுதிக்கொண்டே போகும் கோடைக் கண்டுபிடித்து, அடையாளத்தை மட்டும் குக்கியில் வைத்து மற்றதை சர்வருக்கு மாற்றாதவரை திரும்ப வரும். மேல் டொமைனுக்கு எழுதும் குக்கி எல்லா சப்டொமைன்களுக்கும் சுமை, வேறு குழு எழுதியதால் உங்கள் ஆப் படுக்கலாம்.

## அறிகுறி 8: ஒருவருக்கு இன்னொருவரின் கணக்கு தெரிகிறது

இங்கே மட்டும் வரிசையை மாற்றுங்கள். ஒரு புகார் வந்தாலே போதும், நிரூபணத்துக்குக் காத்திருக்காமல் முன்னால் இருக்கும் கேச்சை (பக்கங்களின் நகலைச் சேமித்துக் கொடுக்கும் இடம்) அணையுங்கள், அதைக் காலி செய்யுங்கள், சர்வரில் எல்லா செஷன்களையும் செல்லாததாக்குங்கள். லாக் கோப்புகளை மட்டும் அழிக்காதீர்கள், முதலில் வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். யாருடைய தரவு யாருக்குப் போனது என்று பின்னால் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம் தேடுங்கள். மலிவான காரணம் உங்கள் கோடிலேயே இருக்கலாம்: நோட் மாதிரி ஒரே ப்ராசஸ் எல்லாருக்கும் வேலை செய்யும் இடத்தில் இப்போதைய பயனரை மாட்யூல் மட்டத்து மாறி ஒன்றில் வைத்திருப்பது. ஒரே நேரத்தில் இருவர் வந்தால் ஒருவர் மற்றவராகிவிடுவார், தனியாகச் சோதித்தால் ஒருநாளும் தெரியாது.

அது இல்லையென்றால் கேச். செட்-குக்கி உள்ள ரெஸ்பான்ஸை என்ஜின்எக்ஸ் தானாகக் கேச் செய்யாது, ஆனால் செட்-குக்கியைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி போட முடியும், கேச் சரியாக வேலை செய்யவில்லை என்று யாராவது அந்த வரியைச் சேர்த்திருப்பார்கள். அப்போது ஒருவருக்கு வைத்த செஷன் குக்கி கேச்சில் உட்கார்ந்து அடுத்து வரும் எல்லாருக்கும் போகும். லாகின் ஆகாத ஒரு பக்கத்தை கர்லில் இரண்டு தடவை கேளுங்கள், இரண்டிலும் ஒரே செஷன் அடையாளம் வந்தால் பிடிபட்டது. அந்த வரியை எடுத்துவிட்டு, லாகின் சம்பந்தப்பட்ட எல்லாப் பக்கங்களுக்கும் கேச்-கண்ட்ரோலில் பிரைவேட், நோ-ஸ்டோர் இரண்டையும் கொடுங்கள்.

இரண்டு இடத்திலும் தெளிவாக ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் அன்றைக்கே பாதுகாப்பு நிபுணரைக் கூப்பிடுங்கள், தளத்தை மறுபடி திறப்பதற்கு முன்னால். கிடைத்துவிட்டாலும், பயனர்களுக்கும் மற்றவர்களுக்கும் தெரிவிக்க வேண்டிய சட்டக் கடமை இருக்கிறதா என்பதை நிரலாளர் தனியாக முடிவு செய்ய வேண்டாம், லாக் நகலோடு நிர்வாகத்திடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.